லேடீஸ் பக்கத்துப் பூட்டு

என் வீட்டுக்காரர் ராமப்பனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை, ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் பிடிக்க முடியாது. இதை அவருக்குத் தெரியாமல் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். "ஆமாமே, பயந்தாங்கொள்ளிதான். அதுக்கு என்னா இப்போ?" என்பார். கோபம்கூட வராது. கோபப்படவும் கொஞ்சம் தைரியம் வேண்டுமே!

எருது விடுகிற அன்று ஊரே தெருவுக்கு வரும். இவர் வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். உத்தனப்பள்ளிப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், இங்கே இவர் ஜன்னலைச் சாத்துவார். இவருடைய அண்ணன் எங்கள் மனையில் பாதியை வளைத்துச் சுவர் எழுப்பினார். நான் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு கத்துகிறேன், இந்த மனிதர் அண்ணனுக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கேட்டால், "அண்ணன் கூப்புட்டாரு, என்னா பண்றது?" என்கிறார்.

காட்டு வேலை குறைந்ததும் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனிக்கு செக்யூரிட்டியாகப் போனார். சட்டையும் தொப்பியும் கொடுத்தார்கள். "திருடன் வந்தா நான் என்னா சார் பண்ணட்டும்?" என்று சூப்பர்வைசரிடமே கேட்டிருக்கிறார். அந்த வேலை எத்தனை நாள் நிலைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கப்புறம்தான் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு கக்கூஸைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. ஜென்ட்ஸ் பக்கம் அவர், லேடீஸ் பக்கம் நான். வாசலில் மேஜை போட்டு உட்காருவதும் அவர்தான்.

தக்காளி மண்டியும் பஸ் ஸ்டாண்டும் ஒட்டி இருப்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள், கன்னடம் பேசுகிற லாரி டிரைவர்கள், தெலுங்கில் ஏலம் கேட்கிறவர்கள், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண்பிள்ளைகள், எல்லோருக்கும் இந்த இடம்தான். கோயிலுக்கு வராதவன்கூட இங்கே வந்துதான் ஆகவேண்டும். வேலை முடிந்ததும் எங்களை யாரென்றே தெரியாதது போலப் போய்விடுவான். போகட்டும், எங்களுக்கென்ன!

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இவர் கறாராக இருப்பார். லேடீஸ் பக்கம் எந்த ஆணும் போகக்கூடாது. குடித்துவிட்டு வருகிறவனாக இருந்தாலும் எழுந்து போய், குரல் நடுங்க, "அண்ணா, அது லேடீஸ் பக்கம்ங்கண்ணா" என்பார். அவர்களும் திரும்பிப் போய்விடுவார்கள்.

அந்த வாரம் ஊர் முழுக்க ஒரே பயம். வடக்கிலிருந்து கும்பல் வந்திருக்கிறது, பிள்ளைகளைத் தூக்கிப் போகிறது என்று எல்லோர் போனிலும் வீடியோ. போச்சம்பள்ளியில் வேலை பார்க்கிற எங்கள் மகன் பிரேம்குமாரும் அதையே அனுப்பினான். ஸ்கூல் விடுவதற்கு முன்பே தாய்மார்கள் கேட்டில் காத்துக் கிடந்தார்கள். கடைக்குப் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். இவர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தார். "நெசமா இருக்குமாமே? மூஞ்சியப் பாத்தியா?" என்று என்னை எழுப்பி எழுப்பிக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மண்டி கலைகிற நேரம். நான் லேடீஸ் பக்கம் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒரு பெண் குழந்தையின் அழுகை கேட்டது.

"என்ன உடு! நான் வரல! எங்கூட்டுக்குப் போவணும்! என்ன உடு!"

சுத்தமான எங்கள் ஊர்த் தமிழ். உடனே ஒரு பொம்பளை அதட்டுகிற சத்தம், அது இந்தியில். அவ்வளவுதான். "ஏய், யாரு புள்ள அது? யாரு புள்ளயத் தூக்கினு போற?" என்று யாரோ கத்த, இன்னொருத்தன் கத்த, காலடிச் சத்தம் திமுதிமுவென்று கிளம்பியது. ஏலத்துச் சத்தம் எனக்குப் பழக்கம். இது அது இல்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன்.

அவள் நேராக எங்கள் இடத்துக்குத்தான் ஓடி வந்தாள். தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள், அவிழ்ந்து தொங்கியது. ஒரு காலில் செருப்பு இல்லை. இடுப்பில் குழந்தை. வடக்கத்திப் பெண், சின்ன வயசு. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பின்னாலேயே கூட்டம்.

"பூட்டுய்யா! கேட்டைப் பூட்டு!" என்று அலறினேன்.

நான் சொன்னதைச் செய்து செய்து பழகிய மனிதர். கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டுவிட்டார். வெளியே நின்றுகொண்டு. பூட்டு விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நானும் அவளும் குழந்தையும் உள்ளே. சாவி அவருடைய சட்டைப்பையில். அண்ணனுக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்த மனிதரின் சட்டைப்பையில்! ஐயோ, போச்சு, என்றுதான் நினைத்தேன்.

கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் சின்னராஜ். தக்காளி மண்டி வைத்திருப்பவர். அவருக்கும் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். நல்ல மனிதர்தான். எங்கள் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது வண்டி அனுப்பினார். அந்த நல்ல மனிதரின் கண்ணைப் பார்க்கத்தான் அன்று எனக்குப் பயமாக இருந்தது.

"சாவியக் குடு ராமப்பா."

"அண்ணா... அது லேடீஸ் பக்கம்ங்கண்ணா."

பளாரென்று ஒரு அறை. கம்பி வழியாக இவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. சட்டை முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் குழந்தையிடம் குனிந்தேன். எனக்குத் தமிழ் தெரியும், கன்னடம் தெரியும், தெலுங்கு தெரியும். இந்தி மட்டும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கோ அது மட்டும்தான் தெரியும். குழந்தைக்கு நான்கு வயது இருக்கும்.

"கண்ணு, இது யாரு?"

"எங்கம்மா."

"அப்புறம் ஏன் வரலன்னு அழுத?"

"ஓசூருக்குக் கூட்டினு போயி ஊசி போடும். எனக்கு ஊசி வேணாம்."

"தமிழ் யாருடி சொல்லிக் குடுத்தா?"

"சுசித்ரா மிஸ்ஸு."

சுசித்ரா அங்கன்வாடி டீச்சர். அடப் பாவிகளா! அப்பன் இங்கே கிரானைட் பட்டறையில் வேலைக்கு வந்திருப்பான். பிள்ளை அங்கன்வாடியில் எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டுவிட்டது, அடம் பிடிப்பதும் அதிலேயே. தாய்க்காரி பெரும்பாலும் வீட்டிலேயே இருந்து ஒரு வார்த்தையும் கற்றிருக்க மாட்டாள். இவ்வளவுதான் விஷயம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்.

"இவ அம்மாதான்! புள்ளையே சொல்லுது! ஊசிக்குப் பயந்துனு அழுதிருக்குது!"

"பயமுறுத்திச் சொல்ல வச்சிருப்பா. புள்ள நம்மள மாதிரி பேசுது, அவளுக்கு ஒரு வார்த்த வரல. எப்புடிம்மா அது அவ புள்ளயாவும்? நீ தள்ளு. ராமப்பா, சாவி!" என்றார் சின்னராஜ்.

"என்னத் தாண்டித்தான் அவளத் தொடணும், சொல்லிட்டேன்!" என்றேன். வாய்தான் சொன்னது. கூட்டத்தில் ஒருவன் கையில் தக்காளிப் பெட்டியிலிருந்து பிடுங்கிய கட்டை இருந்தது, அதில் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

பின் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் சந்தில் பூ விற்கிற முனிலட்சுமி உட்கார்ந்திருப்பாள். வாளியைக் கவிழ்த்து மேலே ஏறினேன். "முனிலட்சுமீ! டீச்சரம்மனி பில்சுகொனி ராவே! சீக்கிரம்!" என்று தெலுங்கில் கத்தினேன். அவளுக்குத் தெலுங்குதான் சட்டென்று புரியும். டீச்சரம்மாவைக் கூட்டி வா என்றதும் பூக்கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அங்கன்வாடி பக்கத்துத் தெருவிலா இருக்கிறது? ஏரிக்கரை வரைக்கும் போகவேண்டும். அவள் போய்ச் சேருவதற்குள் இவர் சாவியைக் கொடுத்துவிடுவார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இறங்கி வந்து பார்த்தால் வாசலில் அவரைக் காணோம். ஜென்ட்ஸ் பக்கம் ஓடியிருக்கிறார். சின்னராஜும் மற்றவர்களும் பின்னாலேயே போயிருக்கிறார்கள். "டேய், குடுத்துரு ராமப்பா, உன்ன ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்கிற குரல் கேட்டது. கொடுத்துவிட்டார், கொடுத்தேவிட்டார் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் பெண் என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். குழந்தையின் காதை என் கையால் பொத்தினேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது அவர் குரல் வந்தது. அழுதுகொண்டே பேசினார்.

"கக்கூஸ் குழியில போட்டுட்டேங்கண்ணா. அங்கதான் இருக்குது. எடுத்துக்குங்க."

அத்தனை ஆண்கள், கட்டையும் கையுமாக. ஒருவன்கூடக் குனியவில்லையாம்.

"நீயே எடுறா!" என்று யாரோ கத்தினார்கள். அடி விழுகிற சத்தம். "மாட்டேங்கண்ணா, மாட்டேங்கண்ணா" என்று அவர். மறுபடி அடி. பிறகு ஒருவன் கடப்பாரைக்காக மண்டிக்கு ஓடினான். அவன் போய் வந்த நேரம்தான் எங்களுக்குக் கிடைத்த உயிர்.

கடப்பாரை வந்தது. சின்னராஜே வாங்கிப் பூட்டின்மேல் போட்டார். ஒவ்வொரு அடிக்கும் கம்பிக் கதவு என் நெஞ்சில் வந்து இடித்தது. கொண்டி வளைந்துவிட்டது. இன்னும் ஒன்றிரண்டு அடியில் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். அப்போது கூட்டத்துக்குள் ஒரு ஸ்கூட்டி ஹாரனை அடித்துக்கொண்டே நுழைந்தது. பின்சீட்டில் முனிலட்சுமி, மூச்சு வாங்க.

"பிங்கி!" என்று கூப்பிட்டாள் சுசித்ரா.

குழந்தை என் கையை உதறிக்கொண்டு கம்பிக்கு ஓடியது. "மிஸ்! எனக்கு ஊசி வேணாம்னு எங்கம்மாகிட்ட சொல்லுங்க மிஸ்!"

எல்லோருக்கும் கேட்டது. கேட்கவேண்டும் என்றே சொன்னது போலக் கேட்டது. "இது பூனம். இது அவ பொண்ணு. தினமும் அவதான் கொண்டாந்து உடறா. உங்களுக்கெல்லாம் என்னாச்சு?" என்றாள் சுசித்ரா. சின்னராஜ் கடப்பாரையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு நடந்தார். மற்றவர்களும் கலைந்தார்கள். தினமும் எப்படிப் போவார்களோ அப்படியே, எங்களைத் தெரியாதவர்கள் மாதிரி.

இவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, முழங்கை வரைக்கும் விட்டுச் சாவியை எடுத்தார். சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி, பிறகு வந்து திறந்தார். வளைந்த கொண்டியில் பூட்டு மாட்டிக்கொண்டு கொஞ்சம் படுத்தியது. உதடு கிழிந்து வீங்கியிருந்தது. அந்தப் பெண் வெளியே வரவே இல்லை. பட்டறையிலிருந்து அவள் புருஷன் வந்து கூப்பிட்ட பிறகுதான் என் முந்தானையை விட்டாள். போலீசும் வந்தது, கேட்டது, எழுதிக்கொண்டது.

மறுநாள் வேலைக்குப் போகவேண்டாம் என்றேன். "நாம போவலன்னா யாரு தொறப்பா?" என்று கிளம்பிவிட்டார். மண்டி முடிந்ததும் சின்னராஜ் வந்தார். தலையைத் தூக்காமல் உள்ளே போய்விட்டு, தலையைத் தூக்காமலே வெளியே போனார். மேஜைக்குக் கீழே இவர் கால்கள் கிடுகிடுவென்று ஆடின. அவர் போன பிறகும் நிற்கவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் புரியவே இல்லை. கேட்டுவிட்டேன்.

"ஏங்க, அந்த வீடியோவப் பாத்துட்டு நீங்களும்தான நம்புனீங்க. அவ யாரு, என்னான்னு ஒண்ணும் தெரியாது. நெசமாவே புள்ள புடிக்கிறவளா இருந்திருந்தா? அவளுக்கோசரம் இப்படி அடி வாங்கணுமா?"

வீங்கிய உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அவ யாருன்னு எனக்கு என்னா தெரியும்?" என்றார். "உள்ள நீ இருந்தியேமே. கதவத் தொறந்தா சும்மாவா நிப்ப? குறுக்கப் போயி வுழுவ. அவனுங்கள்ல ஒருத்தன் கையில ஆணிக் கட்ட இருந்துச்சு, நான் பாத்தேன்."

ஊரையே வாயால் விரட்டுகிறவள் நான். "பயந்தாங்கொள்ளி" என்று தொடங்கினேன், அதோடு நிறுத்திக்கொண்டேன். வாளியை எடுத்துக்கொண்டு லேடீஸ் பக்கம் போய்விட்டேன். அங்கே ஆம்பளைகள் வரக்கூடாது, அவரும் வரமாட்டார். நின்று நன்றாக அழுதேன்.