அவள் சொல்ல, அவர் எழுதியது

மான்செஸ்டரில் தலை நரைத்தவர்கள் பரீட்சை இல்லாத பாடம் படிக்கிறார்கள். வேலை முடிந்து, நனைந்த கோட்டோடு வந்து உட்கார்ந்து, யாரும் பேசாத லத்தீன் மொழியைக் கற்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் சும்மாதான் என்கிறார்கள். கணவர் இரவு ஷிப்டுக்கு ஆலைக்குப் போனபின் குளிர்ந்த வீட்டில் தனியே இருக்க முடியாமல் நானும் போய்ச் சேர்ந்தேன். இந்தக் குளிர்காலத்தில் பழைய ரோமானியக் கவிதைகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு படித்தோம். கப்பலேறிப் போய்த் திரும்பாத ஆண்களுக்குப் பெண்கள் எழுதும் காதல் கடிதங்கள். கெஞ்சல், கோபம், சாபம் எல்லாம் இருந்தன. “இவ்வளவையும் எழுதியவர் ஓர் ஆண்” என்று ஆசிரியர் சொன்னபோது எனக்குப் பழவேற்காட்டுத் தேசம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தேசம்மா ஏரியில் இறால் பிடிக்கும் வீட்டுப் பெண். அவள் புருஷன் கோவிந்து கப்பல் வேலைக்கென்று பம்பாய் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. தபாலாபீஸ் வாசலில் கடிதம் எழுதித் தரும் பெரியவர்தான் அவளுக்காக எழுதுவார். அவள் எதைச் சொன்னாலும் அவர் பேனாவில் ‘தங்கள் பாதமே கதியென்று வாழும் அடியாள்’ என்றுதான் இறங்கும். கோவிந்துவும் உருகி உருகிப் பதில் போடுவான். வர மட்டும் மாட்டான்.

பெரியவர் காய்ச்சலில் படுத்த வாரம் அவள் என்னிடம் வந்தாள்.

“டீச்சர், நான் சொல்றத அப்டியே எழுது. ‘யோவ், உன் பொண்ணு உன்ன கேக்கறதயே உட்டுட்டா. வலை பிஞ்சி கெடக்குது, ஊடு ஒழுகுது. நீ வரியா, இல்ல செத்துப்பூட்டன்னு தல முழுகிக்கினு நான் என் வேலைய பாக்கட்டா?’”

ஓரெழுத்து மாற்றாமல் எழுதினேன். பதில் வந்ததும் நானே படித்துக் காட்டினேன். ‘இவை என் மனைவியின் வார்த்தைகள் அல்ல. அவள் என்னிடம் இப்படிப் பேசமாட்டாள். எவனோ கெடுக்கிறான். இனி எனக்குக் கடிதம் வேண்டாம்.’

“இன்னா டீச்சர் இது?” என்றாள். “நான் பேசுனா அது நான் இல்லன்றாரே. அந்தக் கெழவரு எழுதுனாரே ஒருத்தி, அவளோடவா இத்தினி நாளா குடும்பம் நடத்திக்கினு இருந்தாரு?”

அவள் அழவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சில வருஷம் கழித்துக் கும்மிடிப்பூண்டியில், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலை ஒன்றில் சித்தாளாக அவளைப் பார்த்தேன். தலையில் ஜல்லிச் சட்டி.

“அவரு வந்தாரா?” என்றேன்.

“யாரு?” என்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

இதை வகுப்பில் சொன்னேன். பக்கத்து இருக்கை மார்கரெட் “ஹௌ ரொமான்டிக்!” என்று கண் கலங்கினாள். அந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதிவரச் சொன்னார் ஆசிரியர். ‘யோவ்’வுக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை. ‘மை டியர் ஹஸ்பண்ட்’ என்று தொடங்கினேன். அடுத்த வாரம் வாசித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். கடிதம் அழகாகத்தான் இருந்தது. தேசம்மா அதில் இல்லை.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அவள் சொன்னதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ‘வீடு ஒழுகுது’ என்று வந்தது. நிறுத்தி, ‘ஊடு’ என்று திருத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி என் கையைத் தொட்டு, “ஆர் யூ ஆல்ரைட், லவ்?” என்றாள்.

என் வாய் தானாகவே “யெஸ், தேங்க் யூ” என்றது.