படகில் கட்டிய முந்தானை

எழுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து நானும் கணவரும், பம்பாய்க்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் குடியிருந்த அவருடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே கடலுக்கு நடுவே ஒரு பழைய கோட்டை. பாய்மரப் படகில் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பலாம் என்றார் நாத்தனார்.

கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். "இன்னாம்மா, படகுல போறதுக்குப் பட்டா?" என்று நாத்தனார் சிரித்தார். நாலு பேர் பார்க்கும் இடத்துக்குக் காஞ்சிபுரத்துக்காரி நூல் புடவையில் போவதா என்று எனக்கு வீம்பு. அதுவும் என் கணவரே எனக்காகத் தறியில் உட்கார்ந்து நெய்த புடவை. அதைத் துவைக்கக்கூட என்னை விடமாட்டார்.

கொஞ்ச தூரம் போனதுமே படகு ஆட ஆரம்பித்தது. பாலாற்றில் முழங்கால் தண்ணீரைத் தாண்டாதவள் நான். விழுந்துவிடுவேனோ என்று பயம். முந்தானையைப் படகின் குறுக்குக் கட்டையில் சுற்றி, தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுவதுபோல இறுக்கி முடிச்சுப் போட்டேன். கணவர் பார்த்துவிட்டார். "கட்டிக்கோ, கட்டிக்கோ. நான் நெய்ததாச்சே, யானை இழுத்தாலும் கிழியாது" என்றார். எனக்கும் தைரியம் வந்தது.

கோட்டை வாசலில் அலை படகைத் தூக்கும் சமயம் பார்த்துப் படிக்கட்டில் தாவ வேண்டும். அவர் முதலில் தாவிக் கையை நீட்டினார். படகுக்காரர் தம் பாஷையில் ஏதோ கத்தினார். பதற்றத்தில் முடிச்சை மறந்து நானும் தாவிவிட்டேன்.

கால் பாசியில் பட்டதுதான் தெரியும். அலையோடு படகு பின்வாங்க, முந்தானை இழுத்து நான் கடலில் விழுந்தேன். நனைந்த பட்டும் ஜரிகையும் கல்லாய்க் கனத்தன. படகு விலகினால் என்னை இழுக்கும். நெருங்கினால் படிக்கல்லோடு சேர்த்து நசுக்கும். படகுக்காரர் துடுப்பைப் பாறையில் ஊன்றிப் போராடினார். படகிலேயே இருந்த நாத்தனாரால் ஈர முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. கணவர் ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் புடவையைக் கிழிக்கப் பார்த்தார். கிழியவில்லை. தொண்டைக்குள் உப்புத் தண்ணீர் போனது. செத்தேன் என்றே நினைத்தேன்.

படகுக்காரரின் கத்தி நாத்தனார் காலடியில்தான் கிடந்தது. எடுத்தும்விட்டார். ஆனாலும் தறிக்கார வீட்டில் பிறந்தவர் அல்லவா, தம்பி நெய்த புடவை என்று அந்த நேரத்திலும் ஒரு கணம் அவர் கை தயங்கியது.

"அக்கா, இன்னா பாத்துக்கினு கீற? அறுக்கா!" என்று என் கணவர் அலறினார். அப்படி ஒரு குரலை அவரிடம் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

அடுத்த நொடி நான் படியில் கிடந்தேன். கோட்டைக்குள் நாங்கள் போகவேயில்லை. ஈரத்தோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். திரும்புவதற்கும் அதே படகுதான். குறுக்குக் கட்டையில் என் முந்தானைத் துண்டு முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கரை சேரும்வரை என் மணிக்கட்டை விடவில்லை.

இன்றும் யாராவது எங்கள் ஊர்ப் பட்டைத் தடவிப் பார்த்து, "நல்லா கெட்டியா இருக்குதும்மா" என்று மெச்சினால் பெருமையாகத்தான் தலையாட்டுகிறேன்; ஆனால் என் மணிக்கட்டு மட்டும் அவர் கையைத் தேடுகிறது.