சாகாத பிள்ளைகளின் சுனை

அந்த வருஷம் சிறுவர் பத்திரிகை ஒன்றில், வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளைகளைப் பற்றித் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. மலைச்சுனையில் தண்ணீர் குடித்ததால் அவர்களுக்குச் சாவும் இல்லை, வயதும் ஏறுவதில்லை. எனக்கு அப்போது எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அன்னவாசலில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் அதை வாசித்துக் காட்டுவாள்.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா, பெரியவளாகும் வரைக்கும்தான் அக்காவுக்குப் பள்ளிக்கூடம் என்று சொன்னார். அம்மா ரசம் ஊற்றினாள். அந்தச் சனிக்கிழமை காலையில் அக்கா என்னை எழுப்பினாள்.

"சித்தன்னவாசல் மலைச் சுனைக்குப் போறோம். இந்த மாதிரிக் கதை எல்லாத்துலயும் போற முறை ஒண்ணுதான். கட்டுச்சோறு எடுக்கக் கூடாது. பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பக் கூடாது. வழியில ஒருத்தர் மறிப்பார், அவர்கிட்டப் பொய் சொல்லக் கூடாது."

பாதி வழியில் பின்னால் சைக்கிள் மணி கேட்டது. சித்தப்பா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பிவிட்டேன். அக்காவையும் கூப்பிட்டார். அவள் நடந்துகொண்டே இருந்தாள். முன்னால் போய்ச் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார்.

"எங்கிட்டுப் போறீங்க?"

"சுனைத்தண்ணி குடிக்க. குடிச்சா வளர மாட்டேன்," என்றாள் அக்கா.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். குடித்துவிட்டு வரும்வரை மலையடியில் காத்திருந்து வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. பாறையில் ஏறி, பாசியை விலக்கி, மூச்சு முட்டக் குடித்தாள். நான் தொடவில்லை. எனக்குச் சீக்கிரம் தாவணி கட்ட ஆசை.

நாலே மாதத்தில் அவள் பெரியவளானாள். வீடெல்லாம் புட்டும் உளுந்தங்களியும் மணந்தன. எனக்கும் ஒரு பட்டுப்பாவாடை கிடைத்தது. அதைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த மூலைக்குப் போய், "கதை பொய்யாப் போச்சு பாத்தியா?" என்றேன். அழுவாள் என்றுதான் நினைத்தேன்.

"போகட்டும்," என்றாள். "நாளையிலருந்து என் வகுப்புப் பிள்ளைககிட்டப் போயி, அன்னன்னைக்கு என்ன பாடம் நடந்துச்சுன்னு கேட்டுட்டு வா. கணக்க மட்டும் எழுதி வாங்கிக்க. ஒரு நாளும் விடக் கூடாது."

நாங்கள் பாண்டி ஆடும் நேரம் அது. மறுநாள் ஆட்டம் முடிந்து வெறுங்கையோடு வந்தேன். அக்கா மூலையில் இருந்தபடியே திருப்பி அனுப்பிவிட்டாள். என் விளையாட்டைக் கெடுப்பதற்கென்றே இப்படிச் செய்கிறாள் என்று அம்மாவிடம் போய் அழுதேன். அம்மா என்னைத் தேற்றவில்லை. அப்பா பக்கத்தில் இல்லாததைப் பார்த்துக்கொண்டு, அடுப்படி அரிவாள்மணையில் பென்சிலைச் சீவி என் கையில் கொடுத்தாள். அம்மாவும் ஏன் அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.