சோளம் காய்ந்த பெட்டி

தொண்ணூறுகளில், கொலோனில் எங்கள் வீட்டுக்கார அம்மா, எழுபது வயது ஜெர்மன்காரர், உடம்பைத் தேற்றிக்கொள்ளச் சீனாவுக்குப் போய்வந்தார். நூறு வயதைத் தாண்டியவர்கள் நிறைய வாழும் மலைக்கிராமமாம். காசுக்குப் பிடித்த கேடு என்று நினைத்துக்கொண்டுதான் அவர் அங்கே எடுத்துவந்த படங்களைப் பார்க்க உட்கார்ந்தேன்.

ஒரு படத்தில், நூறு கடந்த கிழவி ஒருத்தி நீண்ட மரப்பெட்டியின் மூடியில் சோளம் பரப்பிக்கொண்டிருந்தாள்.

“அது அவளுடைய சவப்பெட்டி. அங்கே அறுபது வயதிலேயே செய்து வைத்துவிடுவார்கள்” என்றார் வீட்டுக்கார அம்மா.

நாங்களோ சாவுக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்தவர்கள். என் மனைவி மெல்லச் சொன்னாள்: “அதைப் பாக்கப் பாக்க அவவுக்குப் பயமா இராதோ? கேளுங்கோ.”

ஜெர்மனில் கேட்டேன். அவர் சிரித்தார்.

“முதல் பெட்டியைக் கறையான் தின்றுவிட்டதாம். இது இரண்டாவது.”