யாரிடமும் சொல்லாத கனடா பயணம்

1997-ஆம் வருடம் முடியப் போகிற நேரம். கலிஃபோர்னியாவில், சன்னிவேலில், எல் கமீனோ ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அபார்ட்மென்ட்டில் குடியிருந்தோம். நான், கணவர், ஏழு வயது மகள். அவருக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. எனக்கு வீட்டில் இருந்தபடி கிரீன் கார்டைப் பற்றிக் கவலைப்படுகிற வேலை.

கவலைக்குக் காரணம் இருந்தது. அப்போதெல்லாம் எச்-1 விசாவில் ஆறு வருடம்தான் இருக்க முடியும். அதற்குள் கிரீன் கார்டு வரவில்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்களுக்கு ஆறாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஜூனில் முடிகிறது. நல்லவேளையாக, செப்டம்பரில் ஐ-485 என்கிற கடைசிக் கட்ட விண்ணப்பத்தைப் போட்டாகிவிட்டது. அது நிலுவையில் இருக்கிற வரைக்கும் இங்கே தங்கலாம், ஜூனைப் பற்றி பயமில்லை. வக்கீல் ஆபீசிலிருந்து ரசீதும் கூடவே ஒரு கத்தைக் காகிதமும் தபாலில் வந்தன. நான் என்ன செய்தேன்? கத்தையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பூஜை அலமாரியில் பிள்ளையாருக்குக் கீழே வைத்தேன். ரசீதை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டேன். மற்றதைப் படிக்கவில்லை. பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று அவர் பொறுப்பில் விட்டுவிட்டேன்.

எனக்கு அப்போது ஒரு விஷயம் அறவே பிடிக்காது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் சனிக்கிழமை பாட்லக் விருந்தில் தட்டோடு உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பெயரைக்கூடக் கேட்க மாட்டார். "எந்த ஸ்டேஜ்ல இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார். எச்-1 எத்தனை வருஷம் ஆச்சு, லேபர் க்ளியர் ஆச்சா, 485 போட்டாச்சா என்று சாம்பார் ஆறுவதற்குள் நம் ஜாதகத்தையே கறந்துவிடுவார்கள். ஊரில் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்கிறவர்களிடமிருந்து தப்பி இவ்வளவு தூரம் வந்தால், இங்கே இந்தக் கேள்வி. நான் "போயிட்டிருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்து, இன்னொரு வடை எடுக்கப் போய்விடுவேன்.

இந்த நேரத்தில்தான் கணவருக்கு அலுவலக நண்பர் ஒருவர் ஒரு பிரசுரத்தைக் கொடுத்தார். கனடாவில், வான்கூவரிலிருந்து காரில் போகிற தூரத்தில் ஒரு பனிச்சறுக்கு விடுதி. பிப்ரவரியில் அங்கே நான்கு நாள் இசை விழா. சுற்றிலும் வெள்ளை மலை, நடுவில் மேடை, குல்லாய் போட்ட ஜனங்கள். வாசிப்பவர்கள் பட்டியலில் ஒரு கிதார்க்காரரின் பெயர் இருந்தது. கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது அவருடைய கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவராம் என் கணவர். கல்யாணமான ஒன்பது வருடத்தில் தனக்கு அது வேண்டும் இது வேண்டும் என்று அவர் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குப் பிரசுரத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, "சும்மா பாரு" என்று மட்டும் சொன்னார். அந்தச் "சும்மா"வில் எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியாதா? போகிறோம் என்று அன்றே சொல்லிவிட்டேன்.

பிறகு திட்டம் போடுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான் திட்டம் போட்டால் ஓட்டை இருக்காது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். விமான டிக்கெட், விடுதியில் அடுப்பு உள்ள அறை, வாடகைக் கார், பனியில் வழுக்காமலிருக்க அந்தக் காரின் சக்கரங்களில் சுற்றும் சங்கிலி. உள்ளே போட்டுக்கொள்ள தெர்மல், மகளுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் பனி ஜாக்கெட். ரைஸ் குக்கரைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்து அளவு பார்த்தேன். புளிக்காய்ச்சல் எத்தனை நாள் தாங்கும், பருப்புப்பொடி எத்தனை ஸ்பூன் என்பதுவரை எழுதினேன். நான் அணு அணுவாக யோசித்ததில் விடுபட்டது ஒன்றே ஒன்று. அது என்ன என்று சொல்லக்கூடியவர்கள் எங்களைச் சுற்றி முப்பது பேராவது இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஒருவரிடமும் நாங்கள் மூச்சுவிடவில்லை.

அதற்கு நான்தான் காரணம். போகிற காரியம் முடிகிற வரை வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நல்ல விஷயம் எதையும் நடந்த பிறகுதான் சொல்வோம். கணவர் அலுவலகத்தில் லீவு எழுதிக்கொடுத்ததோடு சரி. பக்கத்து அபார்ட்மென்ட் சிநேகிதி, நான் கடையில் தெர்மல் வாங்கியதைப் பார்த்துவிட்டு எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டபோதுகூட, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் கோயிலுக்கு என்று வாய் கூசாமல் புளுகினேன். லாஸ் ஏஞ்சலஸுக்கு எதற்குத் தெர்மல் என்று அவள் கேட்கவில்லை. கோயில் என்றதும் அவளுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. உடனே தன் மகளின் பெயர், நட்சத்திரம் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவந்து, அர்ச்சனை செய்துவிட்டு வரச் சொன்னாள். அந்தச் சீட்டை வாங்கும்போது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

ஜனவரியில் ஒரு மழை நாள். கனடா விசாவுக்கு அனுப்ப வேண்டிய காகிதங்களைப் பிரதி எடுக்க, மகளையும் கூட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மூன்று பாஸ்போர்ட், விண்ணப்பங்கள், நாங்கள் கண்டிப்பாக அமெரிக்காவுக்குத் திரும்பிவிடுவோம் என்று காட்டுவதற்கு அந்த ஐ-485 ரசீது. மகள் கடையில் இருந்த ஸ்டேப்ளர்களை எல்லாம் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று தமிழில் நான்கு தடவை அதட்டினேன். "I'm just looking, Amma" என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. ஒரு வழியாகப் பிரதிகளை அள்ளிக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு காருக்குப் போனேன்.

கதவைத் திறக்கும்போது பின்னாலேயே ஒருவர் ஓடிவந்தார். என் கணவரைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். மூக்குக் கண்ணாடியெல்லாம் மழை. கையில் என் காகிதங்கள். மெஷின் மூடிக்கு அடியிலேயே விண்ணப்பத்தையும் ரசீதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். மனிதர் போகவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எடுக்கும்போது கண்ல பட்டுடுச்சு. கனடா போறீங்களா?" என்றார்.

ஆரம்பித்துவிட்டாரா என்று எனக்கு எரிச்சல். ஆமாம், சும்மா ஊர் பார்க்க என்றேன். அவர் விடவில்லை. 485 போட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறதே, வெளிநாடு போய்வர முன் அனுமதிக் கடிதம், அட்வான்ஸ் பரோல், வாங்கிவிட்டீர்களா என்று கேட்டார். முன்பின் தெரியாத ஆள், பார்க்கிங் லாட்டில், கொட்டுகிற மழையில், அதே பாட்லக் கேள்வி. என் முகம் சுளித்ததை அவர் நிச்சயம் பார்த்திருப்பார்.

"அது எங்க பர்சனல் விஷயம் சார். லாயர் பாத்துக்கறாரு" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்தேன். கதவை மூடப்போன நேரத்தில் அவர் கதவின் மேல் விளிம்பில் கையை வைத்தார்.

"மேடம், நான் டொராண்டோவுக்கு ரெண்டே நாள்தான் போனேன். மச்சான் வீட்டு கிரகப்பிரவேசம். அந்த லெட்டர் இல்லாம பார்டர் தாண்டினதால 485-ஐ நாங்களே கைவிட்டுட்டோம்னு க்ளோஸ் பண்ணிட்டாங்க. இப்ப முதல்லேர்ந்து போடறேன். அதுக்குத்தான் ஜெராக்ஸ் எடுக்க வந்தேன். எனக்கு எச்-1 இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, சமாளிச்சுடுவேன். உங்களுக்கு எத்தனை வருஷம் இருக்கு?"

ஐந்து மாதம். அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லி, மகளைப் பார்த்து ஒரு தரம் சிரித்துவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு கடைக்குள் ஓடிவிட்டார். அவர் பெயர் என்ன, எங்கே இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. நன்றிகூட முதலில் காகிதத்துக்குச் சொன்னதுதான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் பூஜை அலமாரிக்கு ஓடினேன். பிள்ளையாரை நகர்த்திவிட்டு அந்தக் கத்தையை எடுத்தேன். மூன்றாவது பக்கத்தில், மற்ற எழுத்தைவிடத் தடித்த எழுத்தில், கட்டம் கட்டியே போட்டிருந்தது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதிக் கடிதம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று. அந்தப் பக்கத்தில் நான் வைத்த குங்குமம் வேறு ஊறியிருந்தது. மாதக்கணக்கில் இதற்குத்தான் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கணவருக்கு ஃபோன் செய்தேன். அவர் வக்கீல் ஆபீசுக்குப் பேசிவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். உண்மைதான். அந்தக் கடிதத்துக்கு இப்போது போட்டாலும் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும்; அதற்குள் விழா முடிந்துவிடும். கடிதம் இல்லாமல் போனால் ஜூனில் இந்தியாவுக்கே திரும்ப வேண்டியதுதான். இதையெல்லாம் வாசித்துக்காட்டுவதுபோல நிதானமாகச் சொன்னார். நான் அழ ஆரம்பித்தேன். அழுகை எப்போது சிரிப்பாக மாறியது என்று தெரியவில்லை, ஃபோனைப் பிடித்துக்கொண்டு பைத்தியம் மாதிரி சிரித்தேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த யானை இறங்கிப் போனதுபோல இருந்தது. அவரும் சிரித்தார். உங்கள் கிதார்க்காரர் போச்சே என்றேன்.

"கேசட் இருக்கு விடு. நாம இருக்கமே, அது போதும்" என்றார்.

டிக்கெட்டை ரத்து செய்தோம். லீவு மட்டும் மீதியிருந்தது. புளிக்காய்ச்சலும் இருந்தது. சிநேகிதி கொடுத்த நட்சத்திரச் சீட்டும் குளிர்சாதனப் பெட்டி மேல் காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சரி, சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று பிப்ரவரியில் அதே நாட்களில் காரில் லாஸ் ஏஞ்சலஸ் கிளம்பினோம். வழியெல்லாம் அந்தக் கேசட்தான். என் கணவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். கோயிலில் நல்ல வெயில். மகள் அந்த இளஞ்சிவப்புப் பனி ஜாக்கெட்டைக் கழற்றவே மாட்டேன் என்று வேர்க்க விறுவிறுக்கப் பிராகாரம் சுற்றினாள். சிநேகிதி மகள் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். பெயர் தெரியாத அந்த மனிதருக்கும் ஒன்று செய்ய நினைத்தேன். பெயர், நட்சத்திரம் என்ன என்று அர்ச்சகர் கேட்டார். கடைசியில் சுவாமி பெயருக்கே செய்துவிடுங்கள் என்றேன்.

திரும்பி வந்து பிரசாதத்தைக் கொடுக்கும்போது சிநேகிதியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பொய் சொன்னதற்குக் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "எங்க ஆபீஸ்லயே ரெண்டு பேருக்கு இப்படி ஆச்சு. கனடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே தடுத்திருப்பேனே" என்றாள். யாருடைய கண் படும் என்று மறைத்தேனோ, அவள்தான் என்னைத் தடுத்திருக்கக்கூடியவள்.

மே மாதக் கடைசியில் கிரீன் கார்டு கைக்கு வந்தது. ஜூனுக்குச் சில நாட்கள்தான் இருந்தன. அதற்குப் பிறகு கோயிலிலும் இந்தியக் கடையிலும் மூக்குக் கண்ணாடி போட்ட யாரைப் பார்த்தாலும் இரண்டாம் தரம் பார்ப்பேன். ஒரு தடவைகூட அவர் கண்ணில் படவில்லை. அவருடைய இரண்டாவது விண்ணப்பம் என்ன ஆயிற்றோ, நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும் என்று இப்போதும் வேண்டிக்கொள்கிறேன்.

இன்று பாட்லக்கில் முதல் கேள்வி கேட்பவள் நான்தான். புதிதாக வந்த பெண்கள் வெளிநாட்டுப் பயணம் என்று வாயெடுத்தால் போதும், எந்த ஸ்டேஜில் இருக்கிறது, கடிதம் வாங்கியாயிற்றா என்று குடைந்துவிடுவேன். வம்புக்காரி என்று எனக்குப் பெயர் வந்துவிட்டதாகக் கேள்வி. அவர்கள் முகம் சுளிப்பதை நானும் பார்க்கிறேன்; அன்றைக்கு என் முகத்தில் அதே சுளிப்பைப் பார்த்த பிறகும் அந்த மனிதர் மழையில் கார்க் கதவைவிட்டுக் கையை எடுக்கவில்லை, அதனால்தான் நாங்கள் இன்னும் இங்கே இருக்கிறோம்.