ஊற்றுக்கு மேலே இருந்த காடு

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலை முடியும் இடத்தில் ஒரு துண்டுக் காடு இருந்தது. எப்போதோ விறகுக்கு நட்டு, பின்பு தானாகக் காடாகிவிட்ட இடம். அங்கே ஊறிய தண்ணீர்தான் நாங்கள் குடம் வைத்துப் பிடிக்கும் பீலியில் விழுந்தது. காய்ந்து விழுந்ததை மட்டும் பொறுக்க வேண்டும், ஊற்றைச் சுற்றிக் கத்தியே கொண்டுபோகக் கூடாது என்பது பெண்கள் எங்களுக்குள் பேசி வைத்த கட்டு.

சமையல் கேஸ் கிடைக்காமல் போன வருஷமும் அந்தக் கட்டு நின்றது. பக்கத்து வீட்டிலிருந்த என் மதினி, அண்ணன் மனைவி, விறகு பொறுக்க வீடுகளுக்கு முறை வைத்தாள். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தோம். மரம் தப்பியது.

பிறகு ஒரு காலை, மரங்களை வியாபாரி ஒருவருக்குக் கொடுத்தாயிற்று என்று தோட்டத்தை நடத்தும் துரை சொன்னார். கூடையோடு அவர் முன்னால் போய் நின்றோம்.

"ஐயா, ஊத்தச் சுத்தி இருக்கிறத மட்டும் விட்டுருங்க. தண்ணிக்கு வேற வழி இல்லீங்க," என்றாள் மதினி.

"மேலேருந்து வந்த உத்தரவும்மா. நான் என்ன செய்ய?"

அவர் எரிந்து விழவில்லை. அதனால் சண்டை போடவும் முடியவில்லை.

மறுநாள் ஊற்றடியில் போய் உட்கார்ந்தோம். மெஷின் வாளோடு ஏறி வந்தவர்களில் முதல் ஆள் என் அண்ணன். தோட்டத்தில் வேலை குறைத்திருந்த நேரம். வீட்டில் அவர் சொல்லவில்லை.

"நீங்களா வெட்டப் போறீங்க?" என்று கேட்டாள் மதினி.

"நா வெட்டாட்டி இன்னொருத்தன் வெட்டுவான். புள்ளைங்களுக்கு என்னத்தப் போடுறது, நீயே சொல்லு."

 மதினி சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். நாங்களும் அவள் பின்னால் இறங்கினோம். முதல் மரம் விழுந்த சத்தம் பாதி வழியில் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வெயிலில் பீலி நூலாகி நின்றுபோனது. இப்போது பவுசர் லாரியில் தண்ணீர் வருகிறது. வராத நாளும் உண்டு. மழை பிடித்தால் வேறு பயம். மேலே மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லை. மண்சரிவில் லயங்களோடு புதைந்துபோன மீரியபெத்தையை நினைத்துக்கொண்டே படுக்கிறோம். பின்சுவர் வெடித்தபோது அதிகாரிகள் வந்து பார்த்து, பலத்த மழை என்றால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடச் சொன்னார்கள். வேறு இடம் தருவதாகவும் சொன்னார்கள். அதைப் பற்றி இப்போது யாரும் கேட்பதுகூட இல்லை.

மரம் தீர்ந்ததும் அண்ணனின் வேலையும் தீர்ந்தது. கொழும்பில் கட்டட வேலைக்குப் போய்விட்டார். செய்தியில் எங்கள் பதுளைப் பக்கம் மழை என்றால் போன் பண்ணுவார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டீங்களா?"

"போயிட்டோங்க," என்பாள் மதினி.

பல நாள் நாங்கள் போயிருப்பதில்லை. ஒவ்வொரு மழைக்கும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட உடம்பில் தெம்பில்லை.