குஞ்சுக் கொட்டகையின் கீழ்த்தாழ்

நம் புது வீட்டு இரட்டைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கப் போனபோது, கதவு விளிம்புக்குள்ளேயே பதிக்கிற பித்தளைத் தாழ் ஒன்றைக் கடைக்காரர் கையில் கொடுத்தார். அதன் எண்ணெய் வாசனையில், கண்ணுகளா, நாமக்கல் பக்கம் நாங்கள் குடியிருந்த கோழிப்பண்ணை நினைவுக்கு வந்துவிட்டது. இப்போது அங்கே லாரிப் பட்டறை இருக்கிறது.

மூட்டை தூக்குகிறவர்கள் தோளில் இடிக்கக்கூடாதென்று குஞ்சுக் கொட்டகையின் கதவிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இப்படித்தான் பதித்திருந்தார்கள். கீழ்த்தாழ் இறங்கும் தரைக்குழியில் உமியும் தீவனத் தூளும் அடைத்துக்கொள்ளும். பூட்டியது போலத் தெரியும், நாய் முட்டினால் அடிப்பக்கம் விலகிவிடும். அதனால் என் அம்மா தினமும் சாயங்காலம் மண்டியிட்டு, கொண்டை ஊசியால் குழியைச் சுரண்டி, ஊதி, தாழை இறக்கி, கதவை உதைத்துப் பார்ப்பாள்.

"என்ன புள்ள, குழிக்குக் காது கொடையறயா?" என்பார் அப்பா.

"சிரிங்க. ஒரு நாய் தலைய உட்டுச்சுன்னா ஒத்தக் குஞ்சு மிஞ்சாதுங்க."

அவளுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள் அப்பா தாழ் போட்டுவிட்டு வந்தார்.

"ஒதச்சுப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் எறங்கிருச்சு, படு."

அவள் போர்வையோடு எழுந்தே விட்டாள். அப்பா முந்திக்கொண்டு ஓடி உதைத்தார். அடியில் நாய்த்தலை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. அவர் மண்டியிட்டு, விரலாலேயே குழியைத் தோண்டினார். அம்மா தானும் ஓர் உதை உதைத்துப் பார்த்த பிறகுதான் படுக்கப் போனாள்.